இன்னும் பத்து பர்சென்ட்

கல்லூரியில் அவனை எல்லோரும் 'பத்து' என்றுதான் கூப்பிட்டார்கள். மதிப்பெண்ணை வைத்து வந்த பெயர் என்று புதிதாகச் சேருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அதுவும் பொருந்தித்தான் போனது என்பதால் யாரும் திருத்துவதில்லை. உண்மையில் எந்த இயந்திரத்தைக் கண்டாலும் அவன் தலையைச் சாய்த்துச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதுல இன்னும் பத்து பர்சென்ட் இழுக்கலாம்டா" என்பான். கேன்டீன் மிக்ஸியைச் சொன்னான். நூலகத்து லிஃப்டைச் சொன்னான். துறைத்தலைவர் வகுப்பெடுப்பதைப் பார்த்தும் ஒருமுறை சொன்னான். அவர் காதில் விழவில்லை, அல்லது விழுந்து, அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

இத்தனைக்கும் அவனிடம் சொந்தமாக உருப்படியான கம்ப்யூட்டர் கிடையாது. இருந்தது கைமாறிக் கைமாறி வந்த ஒரு லேப்டாப். மடியில் வைத்தால் தொடை வேகும், வேலை வேகமாக நடக்காது. பிராசஸரை அதன் கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேலே ஓட்டுகிற ஓவர்க்ளாக்கிங் கலையை அவன் முழுக்க முழுக்கப் படித்தும் வீடியோ பார்த்துமே கற்றிருந்தான். நீச்சலைப் புத்தகத்தில் மனப்பாடம் செய்துவிட்டு, குதிக்க ஒரு குளம் தேடிக்கொண்டிருந்தவன்.

குளம் வீட்டிலேயே வெட்டப்பட்டது. ஒரு நாள் காலை அக்காவின் கம்ப்யூட்டர் 'டப்' என்று ஒரே ஒரு வார்த்தை பேசிவிட்டு அடங்கியது. மதர்போர்டு போய்விட்டது. மற்றதெல்லாம் நலம்.

அக்கா வீட்டிலிருந்தே ஒலிப்புத்தகங்களுக்கு எடிட்டிங் செய்தாள். யாரோ ஒருவர் மைக் முன்னால் உட்கார்ந்து நாவல் படிப்பார். அதில் விழும் மூச்சிரைப்பு, நாற்காலி முனகல், உதடு ஒட்டிப் பிரியும் சத்தம், தூரத்துப் பைக் எல்லாவற்றையும் அக்கா ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பாள். வாசிப்பவர்களை அவள் முகம் பார்த்ததில்லை. எச்சில் விழுங்கும் விதத்தை வைத்து யாருக்கு அல்சர், யார் இப்போதுதான் காதலிக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்றெல்லாம் சொல்வாள். இந்த வேலையில்தான் பாதி வீடு ஓடியது. மருந்துக்கடை வேலைக்குப் போகும் அம்மா மீதிப் பாதியை ஓட்டினாள்.

இத்தனையையும் அக்கா ஒரே காதால் செய்தாள். பள்ளியில் படிக்கும்போது வந்த காய்ச்சலில் இடது காது போய்விட்டது. ஹெட்போனின் வலது மூடியைக் காதில் வைத்து, இடது மூடியைக் கன்னத்துக்குத் தள்ளிவிட்டுத்தான் உட்காருவாள். வீட்டில் எல்லோரும் அவளுக்கு வலப்பக்கம் வந்துதான் பேசுவார்கள். சாப்பாட்டு மேசையில் அவளுடைய நாற்காலி இடது ஓரச் சுவரை ஒட்டிப் போடப்பட்டிருக்கும். விருந்தாளி யாராவது தெரியாமல் அதில் உட்கார்ந்தால் அம்மா கூட்டிப் பெருக்குவது போல அவர்களை நகர்த்திவிடுவாள். பத்து மட்டும் சின்ன வயதில் அக்காவைத் திட்டவேண்டுமென்றால் இடப்பக்கம் போய் நின்று, சாதாரணக் குரலில், முழுமையாகத் திட்டிவிட்டு வருவான். அவனுக்கு அது கோயில் மாதிரி. போனால் மனசு லேசாகும்.

"போர்டு நீயே பாத்து வாங்கிடு," என்றாள் அக்கா. பழைய போர்டு போன துக்கம் குரலில் இருந்தது. "இதுக்கு மேல ஒரு காசு கிடையாது. எனக்குப் புரியாத பேரெல்லாம் சொல்லாத. சத்தம் இல்லாம ஓடணும், நடுவுல நிக்காம ஓடணும். அவ்ளோதான். உன்னை நம்பித்தான் விடுறேன்."

"கவலைய விடுக்கா," என்றான் பத்து. கவலையை அவள் விட்டாள். விட்ட இடம்தான் சரியில்லை.

கடைக்காரர் பெட்டிகளுக்கு நடுவே ஒரு பெட்டி போலவே உட்கார்ந்திருந்தார்.

"யாருக்கு தம்பி?"

"அக்காவுக்குண்ணே. ஆடியோ எடிட்டிங்."

"அப்ப யோசிக்கவே வேணாம்." ஒரு பெட்டியை எடுத்து முன்னால் வைத்தார். "வம்பு தும்பு இல்லாத போர்டு. போட்டமா, மறந்தமான்னு இருக்கும்."

மறந்துபோகும்படி ஒரு மதர்போர்டா! பத்துவுக்குத் தன் வாழ்க்கையையே யாரோ அட்டைப்பெட்டியில் போட்டு நீட்டுவது போல இருந்தது. அவன் கண் அவருக்குப் பின்னாலிருந்த அலமாரிக்குப் போனது. அங்கே இருந்தது அது. அக்காவின் பிராசஸர் வேகத்தைக் கூட்ட முடியாதபடி பூட்டி அனுப்பப்பட்ட ரகம். ஆனால் மிகச் சில போர்டுகளில் ஒரு புறவாசல் உண்டு. போர்டு முழுவதற்கும் தாளம் போடுகிற அடிப்படைத் துடிப்பையே தூக்கிவிடலாம். தாளம் கூடினால் பிராசஸரும் ஓடித்தான் ஆகவேண்டும். இந்த வசதி பணக்கார போர்டுகளில்தான் இருக்கும். அலமாரியில் இருந்தது அந்த வசதியோடு வந்த ஓர் ஏழை போர்டு.

"அந்தப் பெட்டி என்னண்ணே விலை?"

"இதே விலைதான். ஆனா அது வம்பு உள்ளது." கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்த விலைக்கு அந்த வசதியக் குடுக்கறான்னா வேற எங்கயோ கைய வெச்சிருப்பான். எங்கன்னு பெட்டியில போட மாட்டான். கரன்ட்ட சீராக்குற பகுதியப் பாரு, சூடு தணிக்க மேல ஒரு தகடுகூட இல்ல. மொட்டையா நிக்குது. சவுண்டு பகுதியும் சுமார்தான்."

"அக்கா ஹெட்போன் மாட்டத் தனியா ஒலிப்பெட்டி வெச்சிருக்காங்க, யுஎஸ்பில. போர்டுல இருக்குற சவுண்ட தொடவே மாட்டாங்க."

"வாதம் சரியாத்தான் இருக்கு." இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "முகத்தப் பாத்தா அக்காவுக்கு வாங்குற மாதிரி தெரியலையே."

"நீங்க கடை வெச்சிருக்கீங்களா, ஜோசியம் பாக்குறீங்களா?"

"எடுத்துட்டுப் போ. திரும்பக் கொண்டுவராத. அப்புறம், கலர் கலரா எரியுற ஃபேன் ஒண்ணு வந்திருக்கு, அக்காவுக்கு நல்லா இருக்கும்."

ஃபேனை வேண்டாம் என்று மறுத்ததில் பத்துவுக்குத் தன் கட்டுப்பாட்டைப் பற்றிப் பெருமையாக இருந்தது. வரும் வழியெல்லாம் பேருந்தில் ஒத்திகை பார்த்தான்: முடித்த அத்தியாயத்தை ஃபைலாக எடுக்கும் எக்ஸ்போர்ட் அக்காவுக்குச் சீக்கிரம் முடியும், அக்காவுக்கு நேரம் மிச்சம், எல்லாம் அக்காவுக்குத்தான். இறங்கும் நிறுத்தம் வருவதற்குள் அவனே நம்பிவிட்டான்.

போர்டைப் பூட்டினான். ஓடியது. அக்கா கைதட்டினாள், அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு துணி காயப்போட மாடிக்குப் போனாள். அந்த இடைவெளியில் பத்து போர்டின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, நூறாக இருந்த துடிப்பை நூற்றுப்பத்தாக்கினான். கம்ப்யூட்டர் எழ மறுத்தது. நூற்றெட்டு, மறுத்தது. நூற்றேழில் எழுந்து உட்கார்ந்து மயங்கியது. நூற்றாறில் தள்ளாடாமல் ஓடியது. இப்படி நிறுத்தியபின் நாள் முழுக்கக் கடும்வேலை கொடுத்துச் சோதிக்க வேண்டும் என்பது அவன் மற்றவர்களுக்கு எப்போதும் சொல்லும் அறிவுரை. அவன் மாடிப்படியில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்கும்வரை சோதித்தான்.

வேகச் சோதனையில் கம்ப்யூட்டர் வாங்கிய மதிப்பெண்ணைப் படம் பிடித்துக் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் போட்டான். 'இனிமே உன் பேரு ஆறுடா' என்று ஒருவன் எழுதினான். 'ஸ்டேபிளா மச்சி?' என்று இன்னொருவன் கேட்டான்.

'கல்லு மாதிரி,' என்று பதில் போட்டான் பத்து.

முதல் டிக் எப்போது வந்தது என்று அக்காவுக்கே தெரியாது. ஒரு மத்தியானம் அவனைக் கூப்பிட்டாள்.

"இதக் கேளு. ஒரு டிக் வருதா? நகம் ஒடியுற மாதிரி."

பத்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டான். ஒரு பெரியவர் மழையை வர்ணித்துக்கொண்டிருந்தார். மழை சுத்தமாக இருந்தது.

"ஒண்ணும் இல்லக்கா."

அப்போது அவன் சொன்னது உண்மைதான். அந்த விஷயத்தில் அவள் காதில் விழும்படி அவன் வெகுநாள் சொன்ன உண்மை அது ஒன்றுதான். அவள் தன் காதைச் சந்தேகிக்க அது போதுமானதாக இருந்தது.

"எனக்கும் திரும்பப் போட்டா வரல," என்றாள் அக்கா மெதுவாக. "அதே எடத்துல திரும்பப் போட்டா இல்ல. வேற எங்கயோ வருது. ஃபைல்ல இருந்தா அதே எடத்துல தானே இருக்கணும்?"

தனக்கு வேலை தரும் நிறுவனத்து மேடத்துக்கு அந்த அத்தியாயத்தை அனுப்பிக் கேட்டாள். அங்கே யாருக்கும் டிக் கேட்கவில்லை. வேறொரு ஹெட்போனை இரவல் வாங்கிப் பார்த்தாள். அதிலும் வந்தது. ஃபைலில் இல்லை, ஹெட்போனில் இல்லை என்றால் மிச்சம் இருப்பது தன் காது ஒன்றுதான் என்று அவள் முடிவுக்கு வந்தாள். ஃபைலுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் புது போர்டு ஒன்று இருப்பது அவள் கணக்கிலேயே வரவில்லை. அதைத்தான் தம்பி பார்த்துப் போட்டிருக்கிறானே.

வேலை நத்தை வேகத்துக்கு இறங்கியது. ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். தட்டு வைக்கும் சத்தத்துக்கெல்லாம் நிமிர்ந்து, "இப்ப சத்தம் வந்துச்சுல்ல? உங்களுக்கும் கேட்டுச்சுல்ல?" என்றாள்.

"நாள் பூரா அத மாட்டிக்கிட்டே இருந்தா காது என்ன இரும்பா?" என்றாள் அம்மா. ஆறுதலாகத்தான் சொன்னாள். அக்கா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

இதற்கு நடுவில்தான் மேடம் போன் செய்தார். ஒரு பெரிய நாவல், பல பாகம். படிக்கப்போவது அக்கா தலைமேல் வைத்துக் கொண்டாடும் வாசிப்பாளர். 'அந்தம்மா எச்சில்கூட முழுங்க மாட்டாங்கடா, அவங்க குரல எடிட் பண்றது லீவு போட்ட மாதிரி' என்பாள். ஒரு வருஷத்துக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. இந்த வாரத்துக்குள் சரி என்று சொன்னால் போதும். அக்கா, "யோசிச்சு சொல்றேன் மேடம்" என்றாள். யோசிக்க அதில் என்ன இருக்கிறது என்று அம்மாவுக்கு விளங்கவில்லை.

அக்கா குளிக்கப் போனபோது பத்து அவளுடைய ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டான். பெரியவர் மழையை முடித்துவிட்டு வெள்ளத்துக்கு வந்திருந்தார். கேட்டான், கேட்டான், கேட்டுக்கொண்டே இருந்தான். வெள்ளம் வடியத் தொடங்கியபோது வந்தது. டிக். சுத்தமான, சின்னஞ்சிறு, நகம் ஒடியும் சத்தம். திரும்பப் போட்டான், இல்லை. இன்னும் கொஞ்ச தூரம் போய், டிக்.

அடிப்படைத் துடிப்பைக் கூட்டினால் பிராசஸர் மட்டும் ஓடாது. பாடகர் வேகம் பிடித்தால் மிருதங்கமும் வயலினும் சேர்ந்து ஓடியாகவேண்டியது போல, போர்டில் இருக்கிற எல்லாமே அந்தத் தாளத்துக்கு ஓடும். யுஎஸ்பி வழியாக ஒலிப்பெட்டிக்குப் போகிற சத்தமும் அதில் சேர்த்தி. நல்ல போர்டில் அதற்குத் தனித் தாளம் வைத்திருப்பார்கள். ஏழை போர்டில் கைவைத்த இடம் அதுதான். சத்தம் அவ்வப்போது தாளம் தவறி, ஓர் எள்ளளவு விட்டுப்போகிறது. ஃபைலில் ஒரு குறையும் இல்லை. அக்காவின் காதில் ஒரு குறையும் இல்லை. இது பத்துவுக்கு ஒரே நிமிஷத்தில் புரிந்துவிட்டது. புரிந்ததை வாயால் சொல்வதற்குத்தான் அவனிடம் எந்த வீடியோவும் இல்லை.

அன்று அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். குழாய் திறந்திருந்தது. பத்து தட்டு துடைக்கிற சாக்கில் பக்கத்தில் போனான். கால் தானாக அவனை இடப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தியது.

"அக்கா, அந்த டிக் உன் காது இல்ல. நான்தான் போர்டுல கைய வெச்சேன். வேகத்தக் கூட்டுனேன். அதனாலதான்," என்றான் சாதாரணக் குரலில், முழுமையாக.

அக்கா ஒரு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு தலையைத் திருப்பினாள். "என்ன?"

"துடைக்க வேற துணி இருக்கான்னு கேட்டேன்."

"கொடியில இருக்கு." அவனை ஒரு கணம் பார்த்தாள். ஏதோ கேட்க வந்தவள் போல இருந்தது. கேட்கவில்லை.

மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தான். ஆகவில்லை. கோயில் பூட்டிக்கிடந்தது.

மறுநாள் அம்மா அக்காவைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். வாசற்கதவு சாத்திய சத்தம் அடங்குவதற்குள் பத்து கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். நூற்றாறை நூறாக்கினான். அவ்வளவுதான். இனி டிக் வராது. டிக் வராவிட்டால் அக்கா பயப்பட மாட்டாள். பயம் போனால் நாவலுக்குச் சரி என்பாள். யாருக்கும் எதுவும் சொல்லவேண்டியதில்லை. இதைவிடச் சுத்தமான எடிட்டிங்கை அக்காகூடச் செய்ததில்லை என்று தோன்றியது.

திரும்பி வந்தபோது அக்காவின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. "வலது காது நல்லா இருக்காம். பீப் பீப்னு அடிச்சு டெஸ்ட் எடுத்தாங்க. அந்த ரூம்ல உக்காரவெச்சா எருமைக்கும் கேக்கும்," என்றாள். கேலி செய்கிற அளவுக்குத் தேறியிருந்தாள். ஹெட்போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பத்து கூடத்தில் காத்திருந்தான். சந்தோஷமாக எழுந்து வருவாள், 'டேய், போயிடுச்சுடா' என்பாள், அவன் ஆச்சரியப்பட வேண்டும். புருவத்தை எவ்வளவு தூக்குவது என்பதுவரை தீர்மானித்து வைத்திருந்தான்.

அக்கா எழுந்து வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"டிக் வரல," என்றாள்.

"நல்லதுதானே?" புருவம் பாதியில் நின்றது.

"ரொம்ப நேரம் கேட்டேன். ஒண்ணுகூட வரல." அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "நீ அப்ப சின்னப் பையன், உனக்குத் தெரியாது. காய்ச்சல் வந்தப்ப இந்த இடது காதும் இப்படித்தான். மொதல்ல சத்தம் வந்துச்சு. யார்கிட்ட சொன்னாலும் அப்படி ஒண்ணும் இல்லன்னாங்க. அப்புறம் ஒரு நாள் சத்தம் நின்னுச்சு. நான் சரியாயிடுச்சுன்னு குதிச்சேன். சத்தம் நின்ன அன்னிக்குத்தான் காது போச்சு."

"அக்கா, டாக்டர் இப்பதானே..."

"அன்னிக்கும் ஒரு டாக்டர் நல்லா இருக்குன்னுதான் சொன்னாரு."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பத்து நடுக்கூடத்தில் நின்றான். சொல்லித்தான் ஆகவேண்டும். எங்கே ஆரம்பிப்பது? கடையிலிருந்தா, துணி காயப்போட்டதிலிருந்தா? 'ஓவர்க்ளாக்' என்று சொன்னால் அவளுக்குப் புரியாது, புரியாத பேர் சொல்லக்கூடாது என்றாளே. அவன் நல்ல வாக்கியம் ஒன்றைத் தேடி, கிடைத்ததைத் திருத்தி, திருத்தியதில் தன் பங்கைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருந்தபோது கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா போனில் பேசுவது கேட்டது.

"...இல்ல மேடம், நேரம் பிரச்சினை இல்ல. காதுதான். ஆமா, அந்த நல்ல காது. இவ்ளோ பெரிய வேலைய எடுத்துட்டு நடுவுல விட்டா அவங்க குரலுக்கு நான் பண்ற பாவம். வேற யாருக்காவது குடுத்துடுங்க."

கதவைத் திறக்கும்போது அவன் தேடிய வாக்கியம் கையிலில்லை.

"உன் காது நல்லாத்தான் இருக்கு! நான்தான் அந்த டிக்க வரவெச்சேன். நீ டாக்டர்கிட்ட போனப்ப நிறுத்திட்டேன்."

அவள் போனைக் கீழே வைத்தாள். நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. இரக்கத்தோடு பார்த்தாள். அதைத் தாங்கமுடியாமல் பத்து குனிந்து கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி எழுப்பி, அவள் கண்ணெதிரே நூறை நூற்றாறாக்கினான். பெரியவரின் வெள்ளத்தை ஓடவிட்டான். ஹெட்போனை அக்காவுக்கு மாட்டினான். அவள் வழக்கம்போல இடது மூடியைக் கன்னத்துக்குத் தள்ளியபோது, அதை வெளிப்பக்கம் திருப்பி, குனிந்து தன் காதை அதில் ஒட்டிக்கொண்டான்.

இருவரும் கேட்டார்கள். டிக் வரவில்லை. வேண்டாம் என்றபோதெல்லாம் வந்து நின்றது, வருந்தி அழைத்தபோது வரவில்லை. வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. மாடு மிதந்துபோனது. பத்துவின் இடுப்பு வலித்தது. தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கம்ப்யூட்டர் பழுதாகவேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டான்.

டிக்.

இரண்டு பேரின் கண்ணும் ஒரே நேரத்தில் இமைத்தது.

அக்கா அசையவில்லை. கொஞ்ச தூரத்தில் மறுபடி, டிக். மறுபடி இரண்டு பேருக்கும். அவள் சிரித்தாள். சிரிப்பு பாதி வழியில் அழுகையாகி, அதுவும் பாதியில் நின்றுபோனது.

"எதுக்குடா?"

"எக்ஸ்போர்ட் சீக்கிரம் முடியும்னு... ஆறு பர்சென்ட்."

"ஆறு பர்சென்ட்னா எவ்ளோ நேரம்?"

அவன் யோசித்தான். பொய் சொல்ல இடமில்லாத கணக்கு. "ஒரு அத்தியாயத்துக்கு... ஒரு டம்ளர் கழுவுற நேரம்."

"டம்ளர்," என்றாள் அக்கா.

அவள் உடனே மேடத்துக்குப் போன் செய்தாள். "மேடம், காது சரியாத்தான் இருக்கு. கம்ப்யூட்டர்லதான் கோளாறு. இப்பதான் கண்டுபிடிச்சோம்." அந்தப் பக்கம் குரல் மிகவும் பரிவாக இருந்தது. பத்து நின்ற இடத்துக்கே கேட்டது: "பரவாயில்லம்மா, நீ மனசப் போட்டு அலட்டிக்காத. நான் வேற ஆள்கிட்ட பேசிட்டேன். நீ மொதல்ல காதப் பாத்துக்கோ, என்ன? வேலை எங்க போயிடப்போகுது." அக்கா இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். பரிவு இன்னும் கூடியது. காது போகிறது என்று தன் வாயால் சொன்ன ஒலி எடிட்டர், அரை மணி கழித்து இல்லை என்றால் யார் நம்புவார்கள்? அவளே நம்பியிருக்க மாட்டாள்.

போனை வைத்துவிட்டு அவள் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பத்து துடிப்பை நூறுக்கு இறக்கினான். யாரும் இறக்கச் சொல்லவில்லை.

"அன்னிக்கு பாத்திரம் கழுவறப்ப நீ இதத்தான் சொன்ன," என்றாள் திரும்பாமல்.

"கேட்டுச்சா?"

"கேக்கல. ஆனா நீ இடது பக்கம் வந்து நின்னாலே என்னமோ பண்ணிட்டன்னு தெரியும். சின்ன வயசுலேர்ந்து தெரியும். திட்டிட்டுப் போறான்னு விட்டுருவேன்." ஹெட்போனைக் கையில் எடுத்தாள். "அன்னிக்குக் கேட்டிருக்கணும்."

பத்துவின் பையில் போன் அதிர்ந்தது. குழுவில் எவனோ அவனுடைய மதிப்பெண் படத்தை மறுபடி போட்டு, எந்த போர்டு என்று கேட்டிருந்தான். அவன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

பெரியவரின் வெள்ளத்தை நாளைக்குள் அனுப்பியாகவேண்டும். அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வலது மூடியைக் காதில் வைத்தாள். இடது மூடியைக் கன்னத்துக்குத் தள்ளாமல், வெளிப்பக்கமாகத் திருப்பினாள்.

"உக்காரு."

அவன் ஸ்டூலை இழுத்து இடப்பக்கம் உட்கார்ந்து காதை ஒட்டிக்கொண்டான். மாடு மறுபடி மிதந்துபோனது. கொஞ்ச தூரம் போனதும் அவள் நிறுத்தினாள். பதில் கேட்பதற்காக முகத்தை முழுக்க அவன் பக்கம் திருப்பி, வலது காதைக் காட்டினாள்.

"வந்துச்சா?"

"வரலக்கா."

அவள் ஓடவிட்டாள். ஒரு வரி. நிறுத்தினாள். மறுபடி முழுக்கத் திரும்பினாள்.

"இப்ப?"